சத்தம் கேக்காத அன்னைக்கும்

என் தங்கமான சண்முகத்தாய்க்கு,

பேரச் சொல்லிக் கூப்பிட்டா வெளக்கமாத்தத் தூக்கிட்டு வருவ. வா, இப்ப வந்து அடி பாப்போம். மூணாவது மாடிதான், லிஃப்டு இருக்கு, மூச்சு வாங்காம வந்துரலாம்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுறேன் அம்மா. அப்பா இங்கன என் வீட்டுல இருக்காரு. ஹால்ல கூலருக்கு முன்னாடி துண்ட விரிச்சு, வாயில ஈ போறது தெரியாமத் தூங்குறாரு. "அந்தத் தீச்சட்டி ஊருக்கு நான் வரமாட்டேன், என்னைய ஆள விடு தாயி"ன்னு மாசக்கணக்கா முறுக்கிக்கிட்டு இருந்த மனுசன், நான் கூப்பிடாத அன்னைக்குக் கெளம்பி வந்து நின்னாரு. எப்படி வந்தாருன்னு உங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவேன்?

மொதல்ல, நாங்க ஏன் ஊரவிட்டுக் கெளம்புனோம்னு கேப்ப. நீ இருக்கும்போதே உன் மருமகன் வேலை பாத்த பிரஸ்ஸுல காலண்டர் ஆர்டர் இளைச்சுக்கிட்டேதான் வந்துச்சு. ஆடி பொறந்தா மார்கழி வரைக்கும் ராப்பகலா மிஷின் ஓடும், பெறகு ஈ ஓட்டணும். நீ போன அடுத்த வருசம் அதுவும் பாதியாப் போச்சு. அப்பத்தான் ஹைதராபாத்துக்கு வெளிய, மருந்துக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற கம்பெனியில ஆள் கேட்டாக. சிவகாசிக்காரன்னா மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிருவாகளாம். அவருக்கு மிஷின்ல வேலை, எனக்கு அச்சடிச்சு வர்ற பெட்டியச் சரிபாக்குற வேலை. இங்க சீசன்னு ஒண்ணே கெடையாது அம்மா. சனங்க வருசம் பூராவும் மாத்திரை திங்காக.

ஊருன்னு சொல்றேனே தவிர, இன்னும் ஊராகல. நேத்து வரைக்கும் பாறைக்காடா இருந்திருக்கு. இப்ப எங்க பாத்தாலும் பாதி எழும்புன கட்டடம், கிரேனு, தண்ணி லாரி. பேப்பர்ல நீச்சல் குளமும் தென்னமரமும் போட்டு விளம்பரம் பண்றாக, எறங்கிப் பாத்தா ஒரு வேப்பங்கன்னு கூட இல்ல. காய்கறி வாங்கணும்னா பைக்குல போகணும். ஆனா தெனமும் ஒரு புதுக் கடை தொறக்குறாக. போன வாரம் ஒரு டீக்கடை வந்துச்சு. உன் மருமகனுக்கு மோட்சம் கெடச்ச மாதிரி ஆயிருச்சு.

வெயிலச் சொல்லணும். "விருதுநகர்க்காரிக்கு வெயிலக் காட்டிப் பயமுறுத்துறீகளா?"ன்னு வந்த புதுசுல பெருமை பேசுனேன். பங்குனியோட என் பெருமை அடங்கிப் போச்சு. நம்ம ஊரு வெயிலு தலையில அடிக்கும், இந்த ஊரு வெயிலு தரையில இருந்து எந்திரிச்சு வருது. துவைச்ச சேலைய ஒரு பக்கம் காயப்போட்டு மறுபக்கம் வர்றதுக்குள்ள அப்பளமாக் கெடக்கு. எதிர் வீட்டு சுஜாதாக்கா தெலுங்குக்காரங்க, அரைகுறைத் தமிழ் தெரியும். நான் வேலைக்குக் கெளம்பும்போது பையில ஒரு வெங்காயத்தப் போட்டு விடுவாங்க, அனல் தாக்காதாம். "ரோகிணி கார்த்தி வரட்டும்மா, ஆட்டுரலே வெடிக்கும்"னு ஒரு சொலவடை சொன்னாங்க, நம்ம அக்கினி நட்சத்திரம் மாதிரி அது இவுகளுக்கு. வெடிக்கும்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவுக சிரிச்சாங்க. அவுகளுக்கு என்ன தெரியும் நம்ம பொழப்பு?

உனக்குத் தெரியும். நம்ம வீட்டுச் சட்டமே நீ போட்டதுதான. எங்க பட்டாசுக் கம்பெனி வெடிச்ச சத்தம் கேட்டாலும், யாரு எங்க இருந்தாலும், ஒடனே போனப் போட்டு "இருக்கேன்"னு சொல்லணும். எதிர்ப்பக்கம் "நானும்"னு சொல்லணும். அம்புட்டுதான், கட் பண்ணிரணும். ஒரு தடவை நான் சின்னப்புள்ளத்தனமா "எந்தப் பக்கம்மா? யாருக்கும் ஒண்ணும் இல்லயே?"ன்னு இழுத்ததுக்கு, வீட்டுக்கு வந்து வாங்கு வாங்குன்னு வாங்குன. "சத்தம் கேட்டா ஊரே போனப் போடுதுடி. நீ கதை பேசிக்கிட்டு இருந்தா அடுத்தவ புருஷனுக்கு லைன் கெடைக்குமா?"ன்னு கேட்ட.

உன் போனு கம்பெனி வாசல்ல வாட்ச்மேன்கிட்டக் கெடக்கும். பட்டாசுக் கம்பெனிக்குள்ள போன் கொண்டு போக முடியாதே. எங்கயோ சத்தம் கேட்டா எல்லாரையும் வாசலுக்கு வெரட்டிருவாக, நீ வரிசையில நின்னு போன வாங்கி அந்த ஒத்த வார்த்தையச் சொல்லுவ. உன் கம்பெனி வேன ஓட்டுறது நம்ம அப்பாதான். ஆனா முன் சீட்டுல மட்டும் உக்கார மாட்ட. "டிரைவர் பொண்டாட்டிங்கிற மெதப்புன்னு எவளாவது சொல்லுவா"ன்னு கடைசி சீட்டுல போய் உக்காருவ. சாயங்காலம் அப்பா வேன நிறுத்திட்டு, வாசல் வழியா வெளிய வர்ற பொம்பளைக ஒவ்வொருத்தி மொகமாப் பாத்துக்கிட்டு நிப்பாரு. உன்னப் பாத்ததும் வேற பக்கம் திரும்பிக்கிருவாரு. நான் லீவுல வேன்ல வரும்போது அதப் பாத்திருக்கேன்.

சரி, கதைக்கு வாரேன். இங்க வந்த மூணாம் நாளு, சாமான அடுக்கிக்கிட்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டமார்னு ஒரு சத்தம் அம்மா. சன்னல் கண்ணாடி கடகடங்குது, காலுக்குக் கீழ தரை அதிருது. எனக்கு எங்க இருக்கோம்ங்கிறதே மறந்துருச்சு. செருப்பு மாட்டல, லிஃப்டு ஞாபகம் வரல, படியில எறங்கி ஓடி வாசல்ல நின்னு புகை எந்தப் பக்கம்னு பாக்கேன். ஓடும்போதே கை அப்பாவுக்குப் போனப் போட்டுருச்சு. "இருக்கேன்"னேன். "நானும்"னாரு. கட் ஆயிருச்சு.

வாட்ச்மேன் என்னையப் பாக்கான், நான் வானத்தப் பாக்கேன். சுஜாதாக்கா பால்கனியில இருந்து பாத்துட்டு எறங்கி வந்து என் கையப் புடிச்சாங்க. அடுத்த மனையில இருபது மாடிக் கட்டடம் வருதாம். காரு நிறுத்துறதுக்குப் பூமிக்குள்ள ரெண்டு மாடி தோண்டணுமாம். தோண்டுனா பூராவும் கருங்கல்லு. அதனால தெனமும் ஆளுக சாப்பிடப் போற நேரத்துல சங்கு ஊதிட்டுப் பாறைக்கு வெடி வைப்பாகளாம். நான் அடுப்படியில குழாயத் தொறந்து விட்டிருந்தேன், அந்தச் சங்கு எனக்குக் கேக்கல. இங்க யாருக்கும் அது ஒரு விசயமே இல்ல. எனக்கு உள்ளங்கால் கொப்புளமாப் போச்சு.

கூத்தக் கேளு. செத்த நேரத்துல அப்பா போன் பண்றாரு. "ஏத்தா, நானும் மாடியேறிப் பாத்துட்டேன், புகையே காணோமே. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி வெம்பக்கோட்டைப் பக்கம்ங்கா, வேன் டிரைவர் எல்லாத்துக்கும் கூப்பிட்டுக் கேட்டாச்சு, ஒருத்தனுக்கும் தெரியல. நீ எங்கன நின்னு பேசுற?"

"ஹைதராபாத்துலப்பா."

சிரிச்சாரு அம்மா. நீ போனதுக்கப்புறம் அவரு அப்படிச் சிரிச்சு நான் கேக்கல. திருத்தங்கல்ல நம்ம தெருவே வெளிய வந்து ஹைதராபாத்து வெடிக்குப் புகை தேடியிருக்கு.

மறுநாள் சத்தம் கேட்டதும் கை சும்மா இருக்கல. "இருக்கேன்"னேன். "நானும்"னாரு, கட். நான் வேலைக்குச் சேந்த பெறகும் அது நிக்கல. எங்க கம்பெனி ரெண்டு தெரு தள்ளித்தான், சாப்பாட்டு நேரம் கேன்டீன்ல உக்காந்திருந்தாலே சத்தம் கேக்கும். எங்களுக்கும் போன லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கலாம். கூட வேலை பாக்குற பிள்ளைக, பாறை வெடிக்கும்போதெல்லாம் இவ யாருக்குப் போன் பண்றா, ஒத்த வார்த்தையில என்ன பேசுறான்னு கேலி பண்ணுங்க. அப்பா அங்க தட்டப் போட்டு, சோறு வச்சு, என் போனுக்குக் காத்துக்கிட்டு இருப்பாராம். என் போன் வந்தாத்தான் சோத்துல கை வைப்பாராம். பொன்னுத்தாயி அத்ததான் சொன்னா.

ஆனா வாங்கன்னா மட்டும் வரமாட்டாரு. "தனியா எதுக்குப்பா பொங்கித் திங்கீக? இங்க ஒரு ரூம் சும்மா கெடக்கு"ன்னு கெஞ்சிப் பாத்தேன். வேன விட முடியாதுன்னாரு. உன் மருமகன விட்டுப் பேசச் சொன்னேன். வெயிலு ஆகாதுன்னாரு, திருத்தங்கல்ல பொறந்து வளந்த மனுசன். ஒரு நாள் கோவத்துல, "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எத்தன மணி நேரம் ரயில்ல வரணும் தெரியுமா? தலமாட்டுல யாராச்சும் இருக்க வேண்டாமா?"ன்னு கத்திட்டேன். சோறு ஆறுதுன்னு போன வச்சுட்டாரு. எனக்கு அதுதான் பயம் அம்மா. நீ போன வீட்டுல அவரு தனியாக் கெடக்கது. ஒரு நாள் கதவு தொறக்கலன்னு பொன்னுத்தாயித்த கூப்பிட்டுச் சொல்லுவாளோங்கிற நெனப்புலயேதான் மாசத்த ஓட்டுனேன்.

அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வாரம் ஒரு நாளு கேன்டீன்ல சாப்பிட உக்காந்தேன். சத்தம் வரல. செத்தப் பொறுத்து வரும்னு பாத்தேன். அன்னைக்குன்னு பாத்து ஒரு லோடு அவசரமாப் போகணும், சூப்பர்வைசர் வெரட்டுறாரு. சத்தம் வரட்டும் வரட்டும்னு இருந்தவ, வராமலே போன லாக்கர்ல போட்டுட்டு உள்ள போயிட்டேன். பாறை வேலை முந்தின நாளோட முடிஞ்சு போச்சாம். எனக்கு யாரு சொன்னா?

சாயங்காலம் லாக்கரத் தொறந்தா அப்பாகிட்ட இருந்து வரிசையாப் போன் வந்திருக்கு. திருப்பிக் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப். பொன்னுத்தாயித்தயக் கூப்பிட்டேன். "வீடு பூட்டிக் கெடக்கு மாரி, வேனையும் காணோம், ஆளையும் காணோம்"ங்கா. டிரைவர் ஒருத்தர் விடாமக் கேட்டாச்சு. அவர் இடத்துக்கு வேற ஆள ஓட்டச் சொல்லிட்டுப் போனாருன்னு மட்டும் தெரிஞ்சுது, எங்கன்னு தெரியல. மறுநாள் வேலைக்குப் போகாதன்னு உன் மருமகன் சொன்னாரு. வீட்டுல உக்காந்தா பைத்தியம் புடிச்சுரும்னு நான்தான் போனேன். போன லாக்கர்ல வைக்க மாட்டேன்னு சண்டை போட்டு, சூப்பர்வைசர் மேசை மேலயே வச்சேன். அது அடிக்கவே இல்ல.

சாயங்காலம் சிஃப்டு முடிஞ்சு கும்பலோட கும்பலா வெளிய வாரேன். கம்பெனி வாசலுக்கு எதுக்க, தண்ணி லாரி நிழல்ல, ஒரு ஆளு நிக்காரு. கதர்ச் சட்டை, தோள்ல துண்டு, கையில தூக்குவாளி. வெளிய வர்ற பொம்பளைக ஒவ்வொருத்தி மொகமாப் பாத்துக்கிட்டு நிக்காரு.

அப்பா.

என்னப் பாத்ததும் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு அம்மா. துண்ட எடுத்து மொகத்த அழுத்தித் தொடச்சுக்கிட்டாரு. வேர்வையாம்.

நான் என்ன பண்ணேன்? உன் மகதான, மூக்குக்கு மேல கோவம். நடுரோட்டுல நின்னு கத்துனேன். "போன எங்க? எங்க போனீக? உசுரே போயிருச்சு எனக்கு. ஏழு கழுதை வயசுக்குச் சொல்லாமக் கெளம்பி வருவீகளா?" கூட வந்த பிள்ளைக எல்லாம் நின்னு வேடிக்கை பாக்குங்க.

"சார்சு போயிருச்சு தாயி. சார்சர வேன்லயே விட்டுட்டேன்"னாரு, குத்தம் பண்ணுன பிள்ள மாதிரி. சோத்தப் போட்டு உக்காந்தவரு, என் போனு வரலன்னு, நான் எடுக்கலன்னு, சோத்தத் திரும்பத் தூக்குவாளியில அள்ளி வச்சு மூடிக்கிட்டுக் கெளம்பியிருக்காரு. மதுரைக்கு பஸ்ஸு, மெட்ராசுக்கு ரயிலு, அங்க இருந்து இன்னொரு ரயிலு. நான் குடுத்திருந்த கம்பெனி விசிட்டிங் கார்ட ஆட்டோக்காரன்கிட்டக் காட்டிக் காட்டி வந்து சேந்திருக்காரு. வாளியத் தொறந்தா சோறு புளிச்சுப் பொங்கி நுரைச்சுக் கெடக்கு. ஆனா இன்னொரு பொட்டலம் இருந்துச்சு. சாத்தூர்ச் சேவு. "பிள்ளையப் பாக்க வெறுங்கையோட வர முடியுமா"ங்காரு. உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடி வந்த மனுசன் சேவு வாங்க நின்னுருக்காரு பாரேன்.

வீட்டுக்குக் கூட்டியாந்தேன். உள்ள நுழையுறதுக்கு முன்னாடி கதவுக் கம்பியத் தொட்டாரு. பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து அறைக்குள்ள போறதுக்கு முந்தி, மேலுல இருக்க கரண்டு எறங்கட்டும்னு செம்புத் தகட்டத் தொட்டுட்டுப் போற பழக்கத்துல, நீ நம்ம வீட்டு நாதாங்கியவும் தொட்டுட்டுத்தான் நுழைவ. அவரு அதக் கிண்டல் பண்ணுவாரு. இப்ப அவரு தொடுறாரு. நானும் பாத்துட்டுப் பாக்காத மாதிரி உள்ள போயிட்டேன்.

குளிச்சு, மோர் குடிச்சு, ஆள் கொஞ்சம் தெளிஞ்ச பெறகு கேட்டேன். "என் போனு லாக்கர்ல கெடக்கும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும் தாயி. ஒங்கம்மா போனும் வாட்ச்மேன்கிட்டதான கெடக்கும். சத்தம் கேட்டா வந்து எடுப்பா. எனக்குச் சத்தம்னா பயமே கெடையாது. சத்தம் கேட்டா எப்படியும் போனு வந்துரும்."

கூலரப் பாத்துக்கிட்டே பேசுனாரு. "அவ போன அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. சாப்பிட்டுட்டு, செத்தப் படுக்கேன்னா. நான் வாசல்ல வேனக் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு சத்தமும் இல்ல. சத்தம் இல்லயே, அவளும் கூப்பிடல, நானும் கூப்பிடல. கழுவி முடிச்சு டீ போடச் சொல்லலாம்னு உள்ள போறேன். என்னத்தச் சொல்ல? இன்னும் மேலு சூடா இருந்துச்சு. தலமாட்டுல ஆள் வேணும்னு நீ சொன்ன. நான் பத்தடி தூரத்துலதான் இருந்தேன் தாயி."

அம்மா, காலம் பூராவும் சத்தத்துக்குப் பயந்து பயந்து என்னைய வளத்த. எந்த வெடியும் உன்னத் தொடல. நீ சொல்லாமக் கொள்ளாம அமைதியாப் போன. அதுல இருந்து அவருக்கு அமைதின்னாத்தான் பயம்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அப்பாவ இங்க கொண்டாந்து வச்சுட்டா எல்லாம் சரியாப் போகும்னு நெனச்சேன். பத்தடியில இருந்தவருக்கே தெரியாமப் போச்சே. அப்ப ஆயிரம் மைலு என்ன, அடுத்த ரூமு என்ன?

அதுக்கப்புறம் வாங்க வாங்கன்னு நான் நச்சரிக்கல. அவரே சொன்னாரு, "சனிக்கெழமை ரயிலுக்கு டிக்கெட்டுப் போடச் சொல்லு. தீவாளி ஆர்டர் ஏறிக்கிட்டு இருக்கு, என் வேன்ல வர்ற பிள்ளைகள எவன்கிட்டயோ விட்டுட்டு வந்திருக்கேன். தீவாளி முடிஞ்சு கம்பெனி அடைச்சதும் வாரேன். அப்ப வந்து இருக்கேன், கம்பெனி தொறக்குற வரைக்கும்." டிக்கெட்டுப் போட்டாச்சு. சுஜாதாக்கா அவருக்கு ரெண்டு வெங்காயம் எடுத்து வச்சிருக்காங்க. தெனமும் சாயங்காலம் போய் அந்தப் பள்ளத்த எட்டிப் பாத்துட்டு வாராரு. "ஏத்தா, இதுக்குள்ள நம்ம திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டே எறங்கிரும்போல"ங்காரு.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சட்டம் போட்டிருக்காரு. உன் சட்டத்துல ஒரு திருத்தம், கோவிச்சுக்கிறாத. "சத்தம் கேட்டாத்தான்னு வேண்டாம் தாயி. கேக்காட்டாலும் கூப்பிடு."

இன்னைக்கு எனக்கு லீவு. அடுப்படி மேசையில உக்காந்துதான் இத எழுதுறேன். இம்புட்டு தூரம் எழுதுறதுக்குள்ள மத்தியானம் ஆயிருச்சு. வெளிய ஒரு சத்தமும் இல்ல, கூலர் ஓடுறது மட்டும் கேக்கு. திடீர்னு என் போனு அடிச்சுது. எடுத்துப் பாத்தா அப்பா. எட்டிப் பாக்கேன், ஹால்ல துண்டு மேல எந்திரிச்சு உக்காந்து, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு, போனக் காதுல வச்சிருக்காரு.

"இருக்கேன்"னாரு.

"நானும்பா"ன்னேன். கட் பண்ணிட்டு, "சோறு ஆச்சா தாயி?"ன்னு அங்க இருந்தே குரல் குடுக்காரு. இந்தா, எந்திரிக்கணும்.

அதனால ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன் அம்மா. நான் எந்த ஊருல இருந்தாலும், எம்புட்டு வெயிலடிச்சாலும், மத்தியானம் சோத்துல கை வைக்கிறதுக்கு முந்தி அப்பாவக் கூப்பிடுவேன். உனக்குக் கூப்பிட நம்பர் இல்ல, அதான் எழுதுனேன். பதிலுக்கு "நானும்"னு நீ சொல்ல மாட்ட, தெரியும். தெரிஞ்சேதான் சொல்றேன்.

இருக்கேன்.

உன் வாய்த்துடுக்கு மக,
மாரீஸ்வரி